கடல் தெரியற சூட் ரூம்: அப்பா அம்மாவை ஒரு ராத்திரி தங்க வைக்க உண்மையில எவ்வளவு ஆகும்?

ஒரு ரூமோட வாடகை ₹7,500. வரியோட சேர்த்து நீங்க கட்டறது ₹7,875. பக்கத்து ரூம் வாடகை ₹7,600. அதுக்கு நீங்க கட்டறது ₹8,968. வாடகையில வித்தியாசம் நூறு ரூபா. பில்லுல வித்தியாசம் ₹1,093.

போன வீடியோவுல இதை ஒரு நிமிஷத்துல சொல்லிட்டு ஓடிட்டேன். கணக்கை நிதானமா போட்டுக் காட்ட அங்க நேரம் இல்ல. அதனால இந்தப் பதிவு.

வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் ஆன நம்ம பசங்க நிறைய பேருக்கு ஒரு ஆசை இருக்கும். அப்பா அம்மாவை ஒரு தடவையாவது நல்ல ஹோட்டல்ல தங்க வைக்கணும். நம்ம ஆத்தூர் பக்கம் பெத்தவங்க வெளியூர்ல தங்கினதுன்னு பார்த்தா, பழனியில ஒரு லாட்ஜ், இல்லைன்னா சொந்தக்காரங்க வீடு, கல்யாண மண்டபத்துல பாய் விரிச்சுப் படுத்தது. அவ்வளவுதான். அவங்களை ஜன்னலைத் திறந்தா கடல் தெரியற ரூம்ல உக்கார வைக்கணும்னு நினைக்கிறது வீண் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஆப்புல பெரிய எழுத்துல தெரியற விலையை நம்பி பட்ஜெட் போட்டா, ரிசப்ஷன்ல நிக்கும்போது முகம் மாறும். அந்த முகத்தை அப்பா பாத்துட்டார்னா, அந்த ராத்திரி பூரா அவர் கடலைப் பாக்க மாட்டார், உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருப்பார்.

₹7,500 என்கிற கோடு

22 செப்டம்பர் 2025 முதல் ஹோட்டல் ரூமுக்கு ஜிஎஸ்டி இப்படித்தான்: ஒரு ரூமுக்கு ஒரு நாள் வாடகை ₹7,500 வரைக்கும் 5%. அதுக்கு மேல போனா 18%. முன்னாடி ₹7,500 வரைக்கும் 12% இருந்துச்சு. அது குறைஞ்சதால கோட்டுக்குக் கீழ இருக்கறதுக்கும் மேல இருக்கறதுக்கும் இடைவெளி இன்னும் அதிகமாயிடுச்சு.

இதுல நிறைய பேர் தப்பாப் புரிஞ்சுக்கிறது ஒண்ணு இருக்கு. வருமான வரி மாதிரி, ₹7,500 வரைக்கும் 5%, மிச்சத்துக்கு மட்டும் 18%னு நினைச்சுக்கறாங்க. அப்படி இல்ல. கோட்டைத் தாண்டினா மொத்த வாடகைக்கும் 18%. முதல் ரூபாயில இருந்தே.

வரி கணக்குக்கு எடுக்கிறது போர்டுல எழுதியிருக்கற விலையை இல்ல, ஹோட்டல் உங்ககிட்ட உண்மையில வாங்கற வாடகையை. ₹8,200 ரூமை ஹோட்டலே தள்ளுபடி பண்ணி ₹7,400க்குக் கொடுத்தா 5%தான். ஆனா கிரெடிட் கார்டு ஆஃபர்ல பேங்க் ₹800 குறைச்சா அது பேங்க் உங்களுக்குக் கொடுக்கற காசு. ஹோட்டலோட வாடகை ₹8,200தான், வரி 18%தான். ரெண்டுமே ஆப்புல ஒரே பச்சைக் கலர்ல "டிஸ்கவுண்ட்"னு தெரியும். பேமெண்ட் பக்கத்துல வரி வரியைத் தனியா விரிச்சுப் பாருங்க, எது எதுன்னு அங்க தெரிஞ்சுடும்.

ஹோட்டல்காரங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதையும் சொல்லணும். 5%ல வசூல் பண்ற ரூமுக்கு அவங்க கட்டின உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்க முடியாது. 18%ல முடியும். அதனால "நூறு ரூபா குறைச்சு கோட்டுக்குள்ள கொண்டாங்க"ன்னு நீங்க கேட்டா எல்லாரும் சந்தோஷமா சரின்னு சொல்லிட மாட்டாங்க. கேக்கறதுல தப்பில்ல.

இப்போ சூட் விஷயத்துக்கு வருவோம். நகரத்துல ஒரு உருப்படியான சூட் ₹7,500க்குக் கீழ கிடைக்கறது அபூர்வம். அப்போ சூட்னு முடிவு பண்ணின நிமிஷமே 18%னு மனசுல வெச்சுக்கோங்க. அதே நாலு பேர் ரெண்டு ரூம் எடுத்தா, ஒவ்வொரு ரூமும் தனித்தனியா கணக்கு. ₹14,000க்கு ஒரு சூட் எடுத்தா வரியோட ₹16,520. ₹7,000 வீதம் ரெண்டு ரூம் எடுத்தா ₹14,700. வாடகை ரெண்டுக்கும் ஒண்ணுதான், வரியில மட்டும் ₹1,820 மிச்சம்.

சூட்னா என்ன, கடல்னா எவ்வளவு கடல்?

சூட்ங்கற வார்த்தையை நம்ம ஊர் லாட்ஜ் போர்டுகள்ல பாத்திருப்பீங்க. பெரிய ரூம், ஒரு சோபா, ஒரு ஃப்ரிட்ஜ் இருந்தா அது சூட். பெரிய ஹோட்டல்ல சூட்னா பொதுவா ஹால் தனி, படுக்கை அறை தனி, நடுவுல கதவு. "ஜூனியர் சூட்"னு இருந்தா உஷாரா இருங்க, அது பெரும்பாலும் ஒரே அறைதான், ஒரு மூலையில சோபா போட்டிருப்பாங்க. அப்பா அம்மா தூங்கும்போது நீங்க ஹால்ல டிவி பாக்கலாம்னு திட்டம் போட்டிருந்தா ஜூனியர் சூட்ல அது நடக்காது. புக் பண்றதுக்கு முன்னாடி சதுர அடியும் ரூமோட வரைபடமும் பாருங்க. இல்லைன்னா போன் பண்ணி "நடுவுல கதவு இருக்கா?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க.

அடுத்தது காட்சி. சுற்றுலா அமைச்சகம் ஹோட்டலுக்கு நட்சத்திர அந்தஸ்து கொடுக்குது. ஜன்னல்ல தெரியற காட்சிக்கு அப்படி யாரும் சான்று கொடுக்கறதில்ல. "சீ வியூ", "பார்ஷியல் சீ வியூ", "சீ ஃபேஸிங்", எல்லாம் ஹோட்டல் அவங்களா வைக்கற பேரு. பார்ஷியல்னா பால்கனியில எட்டிப் பாத்தா ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல நீலமா ஒரு கோடு. சீ ஃபேஸிங்னா ஜன்னல் கிழக்கே பாத்து இருக்கும், எதிர்ல தென்னை மரம் நின்னா அது உங்க அதிர்ஷ்டம். எந்த மாடின்னு கேட்டு, பதிலை ஈமெயில்ல வாங்கி வெச்சுக்கோங்க.

நம்ம ஊர்ல மரவள்ளிக் கிழங்கு லோடு ஆலைக்குப் போனா என்ன பண்றாங்க? எடை மட்டும் பாக்கறதில்ல. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட்னு பாத்து அதுக்குத் தகுந்த விலை. ஹோட்டலும் அப்படித்தான் ரூமை விக்குது. எந்த மாடி, எந்தப் பக்கம் ஜன்னல், என்ன கிழமை, ஊர்ல என்ன விசேஷம், எல்லாத்துக்கும் பாயிண்ட்.

சென்னையில கடலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாயிண்ட்டுன்னா, அங்க சரக்கு கம்மி. மெரினா பக்கம் காமராஜர் சாலையில போய்ப் பாருங்க. சென்னைப் பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி, விவேகானந்தர் இல்லம், காவல்துறை தலைமை அலுவலகம்னு வரிசையா இருக்கும். மும்பை மாதிரி கடலைப் பாத்து ஹோட்டல் வரிசை கிடையாது. மேல கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். 1991ல முதல் அறிவிக்கை வந்துச்சு. அலை ஏறி வர்ற உச்சக் கோட்டுல இருந்து 500 மீட்டர் வரைக்கும் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு. அப்புறம் 2011லயும் 2019லயும் திருத்தி எழுதினாங்க. இப்படி இருக்கும்போது நகரத்துக்குள்ளேயே கடலை ஒட்டி இருக்கற ஹோட்டல் விரல் விட்டு எண்ணலாம். 2013ல எம்ஆர்சி நகர்ல திறந்த லீலா பேலஸ் அதுல பெருசு. மத்ததெல்லாம் ஈசிஆர்ல கோவளம், மாமல்லபுரம்னு தள்ளிப் போகணும்.

லீலான்னதும் சில பேருக்கு ஐபிஓ ஞாபகம் வந்திருக்கும். அதை நடத்தற ஸ்க்லாஸ் பெங்களூர் நிறுவனம் 2025 மே மாசம் ₹435க்குப் பங்கு வெளியிட்டுச்சு, விலைக்குக் கீழதான் லிஸ்ட் ஆச்சு. அந்த விண்ணப்பத்தை நான் படிக்கச் சொல்றது பங்கு வாங்கறதுக்காக இல்ல. ஹோட்டல் தன்னோட ரூமை எப்படிப் பாக்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். ரெண்டு எண்ணை வெச்சுத்தான் அவங்க பொழப்பு ஓடுது. வித்த ரூமோட சராசரி வாடகை ஒண்ணு. வித்தது விக்காதது எல்லா ரூமையும் சேர்த்து ஒரு ரூமுக்கு வந்த வருமானம் இன்னொண்ணு. நூறு ரூம் இருக்கு, அறுபது ரூம் ₹10,000க்கு வித்துச்சுன்னா முதல் எண் ₹10,000, ரெண்டாவது எண் ₹6,000. ரெண்டாவது எண்ணைத் தூக்கறதுக்காக அவங்க ராத்திரியும் பகலும் விலையை மாத்திக்கிட்டே இருப்பாங்க.

தலைவாசல் மார்க்கெட்ல தக்காளி விக்கறவங்களுக்கு இது சொல்லியே தர வேண்டாம். விக்காத தக்காளி ரெண்டு நாள்ல அழுகும். விக்காத ரூம் அந்த ராத்திரியே அழுகிடும், மறுநாள் அதை எடுத்து விக்க முடியாது. அதனால எந்த ராத்திரி சரக்கு தேங்கும்னு தெரிஞ்சவனுக்குத்தான் விலை குறையும். ஆபீஸ் வேலையா வர்றவங்க நிறைய தங்கற நகர ஹோட்டல்ல ஞாயித்துக்கிழமை ராத்திரி பெரும்பாலும் சல்லிசு. ஈசிஆர் ரிசார்ட்ல சனிக்கிழமை உச்சம், செவ்வாய் புதன் இறக்கம். மார்கழியில சென்னையில கச்சேரி சீசன், வெளிநாட்டுல இருந்து வர்றவங்க கூட்டம் வேற, ஏறும். ஆடியில முகூர்த்தம் இல்ல, கல்யாணக் கும்பல் இருபது ரூம் மொத்தமா எடுக்காது, அப்போ பேசிப் பாக்கலாம். சேப்பாக்கத்துல ஐபிஎல் மேட்ச் இருக்கற நாளைத் தவிருங்க.

ஒரு குடும்பத்தோட கணக்கு

எங்க சித்தப்பா ஒரு ஜவ்வரிசி ஆலையில 26 வருஷம் வேலை பாத்தவர். அவர் பொண்ணு, என் தங்கச்சி, சென்னையில வேலை. கையில வர்ற சம்பளம் ₹42,000. தம்பி சேலத்துல காலேஜ். போன வருஷம் மாசியில தங்கச்சி போன் பண்ணினா: "அண்ணா, அப்பா அம்மாவை கடல் தெரியற ரூம்ல ஒரு நாள் தங்க வைக்கணும். இஎம்ஐல போட்டுடட்டுமா?"

இஎம்ஐ வேண்டாம்னு சொன்னேன். "நோ காஸ்ட்"னு போட்டிருந்தாலும் வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும். தள்ளுபடி போச்சுன்னு இருக்கும், இல்லைன்னா பிராசஸிங் கட்டணம், வட்டி மேல 18% ஜிஎஸ்டின்னு இருக்கும். பூஜ்யம் வட்டிங்கறதே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே பேங்குகளுக்கு எழுதியாச்சு. கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டினா மாசம் 3.5%, வருஷத்துக்கு 42%. ஒரு ராத்திரி பாத்த கடலுக்கு ஒரு வருஷம் வட்டி கட்ட வேண்டாம்.

அவ ஒரு வருஷம் தள்ளிப் போட்டா. மாசம் ₹1,800 ஆர்டி, 6.5% வட்டி. பன்னண்டு மாசத்துல அசல் ₹21,600, வட்டி ₹750 சொச்சம். சம்பளத்துல நாலேகால் சதவீதம்தான் அது, எஸ்ஐபியில கை வைக்கல.

பணம் சேர்ந்துடுச்சு. இப்போ எதை எடுக்கறது? ஒரே ஹோட்டல்ல ஒரு சனிக்கிழமைக்கு மூணு வழி பாத்தோம். விலையெல்லாம் அன்னிக்கு நாங்க பாத்தது, நீங்க பாக்கும்போது வேற இருக்கும்.

முதல் வழி, கடல் தெரியற சூட் ₹18,000. நாலு பேருமே பெரியவங்க, சூட்ல மூணு பேருக்குத்தான் அனுமதி, அதனால கூடுதல் கட்டில் ₹2,000. வரியோட ₹23,600. ரெண்டாவது வழி, ஊர்ப்பக்கம் ஜன்னல் இருக்கற ரெண்டு ரூம், ஒண்ணு ₹7,200. வரியோட ₹15,120. மூணாவது வழி எனக்குப் பிடிச்சது: அப்பா அம்மாவுக்கு மட்டும் கடல் தெரியற ரூம் ₹11,000, பசங்களுக்கு ஊர்ப்பக்கம் ₹6,500. முதல் ரூமுக்கு 18%, ரெண்டாவதுக்கு 5%, மொத்தம் ₹19,805. ராத்திரி வரைக்கும் எல்லாரும் பெரியவங்க ரூம்ல உக்காந்து கடலைப் பாக்கலாம், தூங்கறப்போ பசங்க போயிடலாம். தூங்கும்போது எதுக்குக் கடல்?

கணக்குப்படி மூணாவதுதான் சரி. ஆனா தங்கச்சி ஒத்துக்கல. அவ சொன்னதுல விஷயம் இருந்துச்சு. சித்திக்கு கீ கார்டு பழக்கம் இல்ல. லிஃப்ட்லயும் கார்டைக் காட்டணும். பாத்ரூம் குழாயை எந்தப் பக்கம் திருப்பினா சுடுதண்ணின்னு தெரியாது, ரிசப்ஷனுக்குப் போன் போட்டு இங்கிலீஷ்ல கேக்கணுமோன்னு பயம். தனி ரூம்ல விட்டா ரெண்டு பேரும் கட்டில் ஓரத்துல உக்காந்து விடியற வரைக்கும் முழிச்சுக்கிட்டு இருப்பாங்க. "அவங்களுக்குக் கடலை விட நாங்க ஒரே கதவுக்குள்ள இருக்கறதுதாண்ணா முக்கியம்."

அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நாம எல்லாரும் சூட்டுக்குக் கொடுக்கற கூடுதல் காசைக் காட்சிக்குக் கொடுக்கறதா நினைக்கிறோம். குடும்பத்தோட போறவங்களுக்கு அந்தக் காசு உண்மையில ஒரே வாசலுக்குத்தான். அந்த ஒரே வாசலை சூட் இல்லாமலும் வாங்கலாம். ரெண்டு ரூமுக்கு நடுவுல உள்கதவு இருக்கும், "இன்டர்கனெக்டிங் ரூம்"னு கேக்கணும். பில்லுல ரெண்டு தனி ரூம், ஒவ்வொண்ணும் ₹7,500க்குள்ள இருந்தா 5%தான். "பக்கத்துப் பக்கத்து ரூம்"னு கேட்டா உள்கதவு இல்லாத ரூம் வரும், வார்த்தையைச் சரியா சொல்லுங்க. ஆப்புல "ரிக்வெஸ்ட்"ல போட்டா கிடைச்சா உண்டு, இல்லைன்னா இல்ல. நேரா ஹோட்டலுக்குப் போன் பண்ணி, உறுதின்னு ஈமெயில் வாங்கணும்.

அந்த ஹோட்டல்ல உள்கதவு ரூம் இருந்துச்சு, ஆனா கீழ் மாடியில, கார் பார்க்கிங்கைப் பாத்து. கடலுக்குன்னு ஒரு வருஷம் சேர்த்துட்டு பார்க்கிங்கைப் பாக்க முடியாது. கடைசியில நாளை மாத்தினோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே சூட் ₹14,500. கட்டிலோட ₹16,500, வரி ₹2,970, ஆக ₹19,470. தங்கச்சி திங்கக்கிழமை ஒரு நாள் லீவு போட்டா. ஹோட்டலுக்கே நேரா போன் பண்ணினதால காலை டிபனை நாலு பேருக்கும் வாடகைக்குள்ளேயே சேர்த்துக் கொடுத்தாங்க. ஆப்புக்குப் போற கமிஷன் அவங்களுக்கு மிச்சம், அதுல ஒரு பங்கு நமக்கு.

டிபனும் மத்ததும்

அந்த டிபன் சின்ன விஷயம் இல்ல. முந்தின நிதியாண்டுல ஒரே ஒரு ரூமையாவது ₹7,500க்கு மேல வித்த ஹோட்டலா இருந்தா, 1 ஏப்ரல் 2025 முதல் அந்த ஹோட்டலுக்குள்ள இருக்கற ரெஸ்டாரண்டுல சாப்பாட்டுக்கு 18%. நீங்க தங்கின ரூம் 5%ல இருந்தாலும் சரி. ஆளுக்கு ₹1,000 பஃபேன்னா நாலு பேருக்கு ₹4,720. ரூமோட சேர்ந்த டிபன்னா அது வாடகையோட ஒண்ணா, வாடகைக்கு என்ன வரியோ அதுதான். ஆனா டிபன் சேர்ந்ததால வாடகை ₹7,500ஐத் தாண்டுதான்னும் பாத்துக்கணும், தாண்டினா மொத்தமும் 18%.

பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு தனி வரி இருந்தா, அது அரசாங்க வரி இல்ல. தானா பில்லுல சேர்க்கக் கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஜூலை 2022லயே சொல்லிடுச்சு, டெல்லி உயர் நீதிமன்றமும் மார்ச் 2025ல அது சரின்னு தீர்ப்பு கொடுத்துச்சு. எடுக்கச் சொல்லுங்க. எடுக்கலைன்னா 1915. ரூம் பையன் நல்லாப் பாத்துக்கிட்டா கையில நூறு ரூபா கொடுங்க, அது வேற.

செக்-இன் நேரத்துல டெபாசிட் கேப்பாங்க. கிரெடிட் கார்டுன்னா அந்தத் தொகையை நிறுத்தி மட்டும் வைப்பாங்க. டெபிட் கார்டு, யுபிஐன்னா கணக்குல இருந்து நிஜமாவே போகும், திரும்பி வர சில நாள் ஆகலாம். மாசக் கடைசியில போறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, வாடகை, இஎம்ஐ ஏதாவது பவுன்ஸ் ஆயிடப் போகுது.

எல்டிஏ பத்தி எல்லாரும் கேக்கறீங்க. ஹோட்டல் பில்லுக்கு எல்டிஏ விலக்கு கிடையாது, பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில இருந்தா, நாலு காலண்டர் வருஷ பிளாக்ல ரெண்டு தடவை. பெத்தவங்களைச் சேர்க்கணும்னா அவங்க உங்களைச் சார்ந்து இருக்கணும், நீங்களும் கூடப் பயணம் பண்ணியிருக்கணும். தங்கச்சி வேலை பாக்கறதே சென்னையில. அப்பா அம்மா ஆத்தூர்ல இருந்து அவகிட்ட வந்தாங்க. அவளுக்கு எல்டிஏக்கு வழியே இல்ல.

எப்போ போய்ச் சேரணும்

வாடகை ஒரு நாளைக்குன்னு சொன்னாலும் கிடைக்கறது மதியம் 2 மணில இருந்து மறுநாள் 11 மணி வரைக்கும், 21 மணி நேரம். ஆத்தூர்க்காரங்க வழக்கமா பிடிக்கறது எழும்பூர் போற ராத்திரி ரயில். விடியறதுக்கு முன்னாடியே இறக்கி விட்டுடும். ரூம் கிடைக்க இன்னும் பல மணி நேரம் இருக்கும். தங்கச்சி தங்கியிருக்கறது லேடீஸ் பிஜி, அங்க சித்தப்பாவையும் தம்பியையும் கூட்டிட்டுப் போக முடியாது. சீக்கிரம் ரூம் வேணும்னா சில ஹோட்டல் அரை நாள் வாடகை வரைக்கும் கேக்கும். பெட்டியை மட்டும் வெச்சுக்கோங்கன்னா பெரும்பாலும் சும்மாவே வெச்சுக்குவாங்க.

அதனால அவங்க காலையில பஸ் ஏறினாங்க. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியா கிளாம்பாக்கம், மதியத்துக்குள்ள வந்துடலாம். ஆனா கிளாம்பாக்கத்துல இருந்து கடற்கரைக்கு டாக்சி காசு தனி, அதை பட்ஜெட்ல எழுதிக்கோங்க. ஆர்டி பணத்துல ஹோட்டல் போக இருந்த மிச்சம் ₹2,800 சொச்சமும் டாக்சிக்கும் ராத்திரி வெளிய போய் சாப்பிட்டதுக்கும் சரியாப் போச்சு.

பெத்தவங்ககிட்ட முன்னாடியே சில விஷயம் சொல்லி வைங்க. ரூம்ல இருக்கற எந்தத் தண்ணி பாட்டில் இலவசம், ஃப்ரிட்ஜ்ல இருக்கறதெல்லாம் காசு. காலை டிபனுக்குக் காசு கட்டியாச்சு, சாப்பிடலைன்னா வீண், இதை ரெண்டு தடவை சொல்லணும். இல்லைன்னா ரெண்டு இட்லியோட எழுந்துடுவாங்க. சித்தி மொத ரெண்டு மணி நேரம் "இந்தக் காசுக்கு எத்தனை மூட்டை கிழங்கு விக்கணும்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களாம். அப்புறம் ஜன்னல்கிட்ட நாற்காலியைப் போட்டுக்கிட்டு இருட்டற வரைக்கும் எந்திரிக்கல.

பில்லை காலையில ரிசப்ஷன் மேஜையில வெச்சுப் படிக்காதீங்க. முந்தின ராத்திரியே ஈமெயில்ல அனுப்பச் சொல்லி, ரூம் வாடகை, கட்டில், ஜிஎஸ்டி சதவீதம், ஃப்ரிட்ஜ்ல எடுக்காததை எடுத்ததா போட்டிருக்காங்களான்னு பாத்து, லிங்க்ல பணத்தைக் கட்டிடுங்க. தங்கச்சி அப்படித்தான் பண்ணினா. சித்தப்பா கேட்டப்போ, "ஆபீஸ்ல ஆஃபர்ப்பா, மூவாயிரம்தான்"னு சொல்லிட்டா. அவர் இன்னிவரைக்கும் ஆத்தூர்ல எல்லாருகிட்டயும் அதை மூவாயிரம் ரூபா ரூம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கார். சித்தி நம்பல.